காகிதத்தில் அச்சான வீடியோ கேம்கள்: நின்டெண்டோ இ-ரீடர் இயங்கிய விதம்

நின்டெண்டோ இ-ரீடர் என்பது கேம் பாய் அட்வான்ஸ் என்னும் கையடக்க விளையாட்டுக் கருவியில் செருகிப் பயன்படுத்தும் துணைக்கருவி. சீட்டு அளவிலான அட்டைகளின் விளிம்பில் அச்சிட்ட நுண்ணிய புள்ளிகளை ஸ்கேன் செய்து, அவற்றில் அடங்கியுள்ள தரவைக் கருவிக்குள் ஏற்றுவது இதன் வேலை. ஜப்பானில் 2001 டிசம்பர் 1 அன்றும், வட அமெரிக்காவில் 2002 செப்டம்பர் 16 அன்றும் இது விற்பனைக்கு வந்தது. ஆஸ்திரேலியாவில் 2003இல் குறைந்த எண்ணிக்கையில் விற்கப்பட்டது. ஐரோப்பாவில் வெளியாகவே இல்லை.

இந்தக் கருவியின் வழியாக 1980களின் பழைய விளையாட்டுகள் பல மறுவெளியீடு கண்டன. டாங்கி காங், எக்ஸைட்பைக், ஐஸ் கிளைம்பர், பலூன் ஃபைட், மரியோ பிரதர்ஸ் போன்ற 13 விளையாட்டுகளை, ஒவ்வொன்றையும் சில அட்டைகள் கொண்ட ஒரு சிறு கட்டாக, வட அமெரிக்கக் கடைகளில் வாங்க முடிந்தது. அட்டைகளை ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து முடித்ததும் விளையாட்டு திரையில் ஓடத் தொடங்கும். ஒரு வீடியோ கேமை முழுமையாகக் காகிதத்தில் அச்சிட்டு விற்க முடிந்தது எப்படி என்பது கணினி அறிவியலின் பல அடிப்படைக் கருத்துகளைத் தொட்டுச் செல்லும் கேள்வி. தரவைக் குறிகளாக மாற்றுதல், பிழை திருத்தம், தரவுச் சுருக்கம், ஒரு கணினியை இன்னொரு கணினிக்குள் உருவாக்குதல் ஆகிய நான்கும் இந்தச் சிறு கருவியில் ஒன்றாகச் சேர்ந்தன.

அட்டை ஏன் தேர்வானது?

நின்டெண்டோ 1889இல் ஜப்பானின் கியோட்டோ நகரில் ஹனஃபுடா என்னும் சீட்டுகளைத் தயாரிக்கும் நிறுவனமாகத் தொடங்கியது. மின்னணு விளையாட்டுகளுக்கு வருமுன் பல பத்தாண்டுகள் சீட்டுத் தொழிலே அதன் அடித்தளம். 1990களின் பிற்பகுதியில் போக்கிமான் வீடியோ கேம்களும் போக்கிமான் சேகரிப்பு அட்டைகளும் ஒரே காலத்தில் உலகெங்கும் பரவின. குழந்தைகளின் பைகளில் அட்டைகள் ஏற்கெனவே இருந்தன. அந்த அட்டைகளிலேயே மின்னணுத் தரவையும் அச்சிட்டுவிட்டால், இரண்டு பொழுதுபோக்குகளும் இணையும் என்பதே இ-ரீடரின் தொடக்கக் கருத்து. ஆகவேதான் ஜப்பானில் இந்தக் கருவி போக்கிமான் அட்டைகளின் புதிய தொகுதியுடன் சேர்ந்து அறிமுகமானது.

இன்னொரு காரணம் அக்காலத்தின் வசதிக் குறைவு. 2001 மார்ச்சில் ஜப்பானில் வெளியான கேம் பாய் அட்வான்ஸில் வைஃபை இல்லை. இணையத்திலிருந்து விளையாட்டுகளைத் தரவிறக்கும் வழியும் இல்லை. புதிய மென்பொருள் வேண்டுமென்றால் கார்ட்ரிட்ஜ் வாங்க வேண்டும். கார்ட்ரிட்ஜுக்குள் நினைவகச் சில்லும் மின்சுற்றுப் பலகையும் இருப்பதால் அதன் தயாரிப்புச் செலவு அதிகம். அச்சிட்ட காகிதத்தின் செலவு அதனுடன் ஒப்பிட மிகச் சிறியது. சிறிய அளவிலான விளையாட்டுகளையும் கூடுதல் தரவையும் மலிவாக விற்கக் காகிதம் ஏற்ற ஊடகமாகத் தோன்றியது. வட அமெரிக்காவில் இ-ரீடரின் விலை 39.99 டாலர், பழைய விளையாட்டு ஒன்றின் அட்டைக்கட்டு 4.99 டாலர்.

புள்ளிக்குறியின் அமைப்பு

அட்டையின் விளிம்பில் ஓடும் புள்ளிப் பட்டைக்கு அடிப்படையான தொழில்நுட்பத்தை உருவாக்கியது கேமரா, நுண்ணோக்கி போன்ற ஒளியியல் கருவிகளுக்குப் பெயர்பெற்ற ஒலிம்பஸ் நிறுவனம். காகிதத்தில் ஒலியைப் பதிந்து, சிறு கருவியால் வருடிக் கேட்கும் ஸ்கேன்டாக் என்னும் பொருளுக்காக அது இந்தப் புள்ளிக்குறியை முன்பே பயன்படுத்தியிருந்தது.

கடைப் பொருள்களில் உள்ள சாதாரண பார்கோடு ஒரே திசையில்தான் தகவலைத் தாங்கும். கோடுகளின் அகலமும் இடைவெளியுமே அங்கே செய்தி. கோடு எவ்வளவு உயரமாக இருந்தாலும் தகவல் கூடாது. அதனால் ஒரு பார்கோடு சில எழுத்துகளையோ எண்களையோ மட்டுமே சொல்லும். புள்ளிக்குறி நீளம், உயரம் என்னும் இரு திசைகளையும் பயன்படுத்துகிறது. ஒவ்வொரு சிறு கட்டத்திலும் புள்ளி இருக்கிறதா இல்லையா என்பது ஒரு பிட் தகவல்.

பட்டைகள் இரண்டு அளவுகளில் அச்சாயின. அட்டையின் நீண்ட பக்கத்தில் வருவது நெடும்பட்டை. குறுகிய பக்கத்தில் வருவது குறும்பட்டை. நெடும்பட்டை நீளவாக்கில் 989 புள்ளி இடங்களும் உயரவாக்கில் 44 இடங்களும் கொண்டது. அட்டையின் நீளம் 88 மில்லிமீட்டர்தான். ஆகவே ஒவ்வொரு மில்லிமீட்டரிலும் 11-க்கு மேற்பட்ட புள்ளி இடங்கள் அமைய வேண்டும். வெறும் கண்ணுக்கு அந்தப் பட்டை மங்கிய சாம்பல் நிறக் கோடாகவே தெரியும்.

ஒரு பட்டை தொடர்ச்சியான ஒரே பரப்பாக இல்லாமல் சிறு தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. நெடும்பட்டையில் 28 தொகுதிகள், குறும்பட்டையில் 18. ஒவ்வொரு தொகுதியின் மூலைகளிலும் மற்றவற்றைவிடப் பெரிய வட்டக் குறிகள் உண்டு. தொகுதிகளுக்கு இடையே செங்குத்தாக ஓடும் முகவரிக் குறி ஒவ்வொரு தொகுதியின் வரிசை எண்ணைத் தெரிவிக்கும்.

இந்த ஏற்பாட்டின் தேவை, அட்டையைக் கையால் இழுப்பதிலிருந்து வருகிறது. கடனட்டையைத் தேய்ப்பதுபோல இ-ரீடரின் பள்ளத்தில் அட்டையை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இழுக்க வேண்டும். உள்ளே உள்ள ஒளி உமிழும் டயோடு அட்டையின் மேல் ஒளியைப் பாய்ச்சும். அங்கிருந்து திரும்பும் ஒளியைப் பட உணரி பதிவு செய்யும். மனிதக் கை சீரான வேகத்தில் நகராது. ஒருவர் வேகமாக இழுப்பார், இன்னொருவர் நடுவில் தயங்குவார், அட்டை சற்றுச் சாயும். மூலைக் குறிகளைக் கொண்டு ஒவ்வொரு தொகுதியும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைக் கருவி கண்டுபிடித்து, இடையில் உள்ள புள்ளிகளின் இடங்களைக் கணக்கிடும். முகவரிக் குறியைக் கொண்டு தொகுதிகளைச் சரியான வரிசையில் அடுக்கும். இழுப்பின் வேகம் மாறினாலும் தரவு கெடாமல் இருப்பது இதனால்தான்.

புள்ளிகளை அடுக்குவதிலும் ஒரு விதி கடைப்பிடிக்கப்பட்டது. தரவின் ஒவ்வொரு 4 பிட்டும் 5 புள்ளி இடங்களாக மாற்றப்படும். 5 இடங்களில் 32 வெவ்வேறு அமைப்புகள் சாத்தியம். 4 பிட்டுகளுக்குத் தேவையானவை 16 மட்டுமே. அந்த 16-ஐயும், கிடைமட்டத்தில் மூன்று கரும்புள்ளிகள் அடுத்தடுத்து ஒருபோதும் வராதபடி தேர்ந்தெடுத்திருந்தார்கள். அச்சு மை காகிதத்தில் சற்றே பரவும் இயல்புடையது. கரும்புள்ளிகள் நெருங்கிக் குவிந்தால் அவை கலந்து ஒரு திட்டாகிவிடும். எத்தனை புள்ளிகள் இருந்தன என்று பிரித்தறிவது கடினமாகும். அச்சடிக்கும் இடத்தில் கால்பங்கைக் கூடுதலாகச் செலவழித்து, படிப்பதில் உறுதியைப் பெற்றது இந்த வடிவமைப்பு.

கறையையும் கீறலையும் வெல்லுதல்

அட்டைகள் குழந்தைகளின் கைகளில் புழங்குபவை. விரல் ரேகை படியும், மூலை மடியும், மேற்பரப்பு கீறும். ஒரு கணினி நிரலில் ஒரே ஒரு பைட் தவறினாலும் நிரல் முழுதும் நின்றுபோகலாம். ஆகவே எழுத்தில் ஓரிரு பிழைகளைப் பொறுத்துக்கொண்டு படிக்கும் மனிதக் கண்ணைப் போலன்றி, இ-ரீடர் ஒவ்வொரு பைட்டையும் பிழையின்றி மீட்டாக வேண்டும். அதற்கு உதவியது ரீட்-சாலமன் பிழை திருத்தக் குறியீடு.

இர்விங் ரீட், குஸ்டவ் சாலமன் என்னும் இரு அமெரிக்கக் கணிதவியலாளர்கள் 1960இல் வெளியிட்ட முறை இது. இதன் கருத்தை எளிய வடிவியலால் விளக்கலாம். ஒரு நேர்கோட்டைத் தீர்மானிக்க இரண்டு புள்ளிகள் போதும். அதே கோட்டின் மேல் கூடுதலாக இரண்டு புள்ளிகளையும் சேர்த்து நான்காகக் கொடுத்தால், அவற்றில் ஏதேனும் ஒன்று இடம்மாறினாலும் மற்ற மூன்றும் ஒரே கோட்டில் நிற்கும். தவறிய புள்ளி எது என்றும், அது இருந்திருக்க வேண்டிய இடம் எது என்றும் தெரிந்துவிடும். ரீட்-சாலமன் முறையில் நேர்கோட்டுக்குப் பதிலாக உயர்படிப் பல்லுறுப்புக்கோவைகள் பயன்படுகின்றன. கூட்டலும் பெருக்கலும் ஒரு பைட்டின் எல்லைக்குள்ளேயே அடங்கும் தனி எண்கணிதத்தில் நடக்கின்றன.

இ-ரீடர் அட்டையில் ஒவ்வொரு 48 பைட் தரவுக்கும் 16 சரிபார்ப்பு பைட்டுகள் சேர்க்கப்பட்டு, 64 பைட் கொண்ட கட்டாக அச்சாயின. 16 சரிபார்ப்பு பைட்டுகள் இருப்பதால், ஒரு கட்டில் எந்த இடத்தில் என்று தெரியாத 8 பைட்டுகள் வரை பிழையாக இருந்தாலும் அவற்றைக் கண்டுபிடித்துத் திருத்த முடியும். அதோடு, ஒரு கட்டின் பைட்டுகள் பட்டையின் ஒரே இடத்தில் அடுத்தடுத்து அச்சாகாமல், மற்றக் கட்டுகளின் பைட்டுகளோடு ஒன்றுவிட்டு ஒன்றாகக் கோக்கப்பட்டிருந்தன. அதனால் ஓரிடத்தில் விழும் கறை ஒரே கட்டை முழுதாக அழிக்காது. பல கட்டுகளிலிருந்து சில பைட்டுகளை மட்டுமே பறிக்கும். ஒவ்வொரு கட்டும் தன் இழப்பைத் தானே ஈடுசெய்துகொள்ளும். ஒலிக்குறுந்தட்டுகளிலும் க்யூஆர் குறிகளிலும் பயன்படுவது இதே கணிதம்தான்.

இந்தப் பாதுகாப்புக்கு விலை உண்டு. நெடும்பட்டையின் 28 தொகுதிகளில் தலா 104 பைட் வீதம் மொத்தம் 2,912 பைட்டுகள் அச்சாகின்றன. பிழை திருத்தப் பகுதிகள் நீங்கலாகப் பயன்படுத்தக் கிடைப்பது 2,112 பைட். குறும்பட்டையில் கிடைப்பது 1,344 பைட். க்யூஆர் குறியின் மிகப் பெரிய வடிவம் 2,953 பைட் வரை கொள்ளும் என்பதோடு ஒப்பிட்டால், அட்டை விளிம்பின் ஒல்லியான பட்டையில் இவ்வளவு தரவை அடக்கியது எத்தகைய சாதனை என்பது விளங்கும்.

இருபத்து நான்கு கிலோபைட் கணக்கு

இனி, முழு விளையாட்டு ஒன்று எப்படி அட்டைகளில் அடங்கியது என்பதைப் பார்க்கலாம். மறுவெளியீடு கண்ட விளையாட்டுகள் ஃபாமிகாம் என்னும் நின்டெண்டோவின் வீட்டு விளையாட்டுக் கருவிக்காக எழுதப்பட்டவை. 1983 ஜூலையில் ஜப்பானில் வெளியான அந்தக் கருவியே பிற நாடுகளில் என்இஎஸ் என்னும் பெயர் பெற்றது. தமிழகத்தில் 1990களில் 'டிவி கேம்' என்று வீடுகளுக்கு வந்த கருவிகளில் பெரும்பாலானவை இந்த ஃபாமிகாமின் நகல்களே. எக்ஸைட்பைக்கும் ஐஸ் கிளைம்பரும் அவற்றின் வழியே இங்கும் அறிமுகமானவை.

ஃபாமிகாமின் தொடக்ககால விளையாட்டுகள் வியப்பூட்டும் அளவுக்குச் சிறியவை. டாங்கி காங் விளையாட்டின் நிரல் 16 கிலோபைட். படங்கள் 8 கிலோபைட். மொத்தம் 24 கிலோபைட், அதாவது 24,576 பைட். எக்ஸைட்பைக், பலூன் ஃபைட், ஐஸ் கிளைம்பர் ஆகியவையும் இதே அளவுதான். இன்றைய கைபேசியில் எடுக்கும் ஒரு சாதாரணப் புகைப்படம் இதைவிட நூறு மடங்கு பெரியதாக இருக்கும்.

இவ்வளவு சிறிதாக அமைந்ததற்குக் காரணம் அக்காலப் படம் வரையும் முறை. ஃபாமிகாம் தன் திரையைப் புள்ளி புள்ளியாக நினைவில் வைத்துக்கொள்வதில்லை. எட்டுக்கு எட்டு புள்ளிகள் கொண்ட சிறு ஓடுகளைக் கோத்துத் திரை முழுவதையும் அமைக்கும். ஓர் ஓட்டுக்கு 16 பைட் போதும். 8 கிலோபைட்டில் 512 ஓடுகள் அடங்கும். ஒரே ஓட்டை மீண்டும் மீண்டும் பயன்படுத்தி, நிறத்தை மட்டும் மாற்றி, திருப்பிப் போட்டு, முழு உலகத்தையும் கட்டினார்கள் அன்றைய நிரலாளர்கள். பலூன் ஃபைட்டின் நிரலை எழுதிய சடோரு இவாடா, ஒவ்வொரு பைட்டையும் எண்ணிச் செலவழித்த அந்தத் தலைமுறையைச் சேர்ந்தவர். அவரே 2002 மே மாதத்தில் நின்டெண்டோவின் தலைவரானார். அவர் எழுதிய விளையாட்டு அதே ஆண்டில் அட்டை வடிவில் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது.

ஒரு பழைய விளையாட்டின் கட்டில் பொதுவாக 5 அட்டைகள். ஒவ்வோர் அட்டையின் இரு நீண்ட விளிம்புகளிலும் ஒரு நெடும்பட்டை. ஆக மொத்தம் 10 பட்டைகள். 10 பட்டைகளின் கொள்ளளவு 21,120 பைட். விளையாட்டின் அளவோ 24,576 பைட். அப்படியே அச்சிட்டால் 12 பட்டைகள் வேண்டும். ஆகவே தரவு முதலில் சுருக்கப்பட்டது. நிரலிலும் படங்களிலும் ஒரே பைட் வரிசைகள் திரும்பத் திரும்ப வரும். இரண்டாம் முறை வரும் வரிசையை மீண்டும் எழுதாமல், 'இத்தனை பைட்டுக்கு முன்னால் வந்த இவ்வளவு பகுதியை இங்கே நகலெடு' என்று ஒரு சிறு குறிப்பாக எழுதலாம். அடிக்கடி வரும் மதிப்புகளுக்குக் குறுகிய குறிகளையும் அரிதாக வருபவற்றுக்கு நீண்ட குறிகளையும் தரலாம். இத்தகைய முறைகளால் ஏழில் ஒரு பங்கு குறைந்தாலே விளையாட்டு 10 பட்டைகளுக்குள் வந்துவிடும்.

எந்த விளையாட்டுகள் அட்டையில் வந்தன, எவை வரவில்லை என்பதையும் இந்தக் கணக்கு விளக்குகிறது. சூப்பர் மரியோ பிரதர்ஸ் 40 கிலோபைட். சுருக்காமல் அச்சிட்டால் 20 பட்டைகள், அதாவது 10 அட்டைகள் வேண்டும். தி லெஜண்ட் ஆஃப் செல்டாவின் 128 கிலோபைட்டுக்கு 63 பட்டைகள், 32 அட்டைகள். சூப்பர் மரியோ பிரதர்ஸ் 3-இன் 384 கிலோபைட்டுக்கு 187 பட்டைகள், 94 அட்டைகள். சுருக்கம் இந்த எண்ணிக்கையைக் குறைத்தாலும், விளையாடத் தொடங்குமுன் அத்தனை அட்டைகளை இழுத்துக்கொண்டிருக்க யாரும் முன்வர மாட்டார்கள். மறுவெளியீடு 1980களின் முதல் பாதியில் உருவான சிறு விளையாட்டுகளோடு நின்றதில் காகிதத்தின் கொள்ளளவுக்குப் பெரும் பங்கு உண்டு.

கருவிக்குள் ஒரு பழைய கருவி

அட்டையில் இருப்பது ஃபாமிகாமுக்காக எழுதிய கட்டளைகள். கேம் பாய் அட்வான்ஸின் செயலிக்கு அந்த மொழி தெரியாது. ஃபாமிகாமின் செயலி 6502 வகையைச் சேர்ந்த 8 பிட் செயலி; வேகம் 1.79 மெகாஹெர்ட்ஸ். கேம் பாய் அட்வான்ஸில் இருப்பது ஏஆர்எம்7 வகை 32 பிட் செயலி, வேகம் 16.78 மெகாஹெர்ட்ஸ். ஒன்றின் கட்டளைகளை மற்றொன்று நேரடியாக நிறைவேற்ற இயலாது.

இங்கேதான் எமுலேட்டர் உதவிக்கு வருகிறது. எமுலேட்டர் என்பது ஒரு கணினியின் நடத்தையை இன்னொரு கணினியில் மென்பொருளாக உருவாக்கும் நிரல். பழைய விளையாட்டின் அடுத்த கட்டளையை அது எடுக்கும். அந்தக் கட்டளை 6502 செயலியில் என்ன செய்திருக்குமோ அதைத் தன் நினைவகத்தில் செய்யும். பிறகு அடுத்த கட்டளைக்குப் போகும். ஒரு பழைய கட்டளையை நிறைவேற்றப் பல புதிய கட்டளைகள் செலவாகும். புதிய செயலியின் கடிகார வேகம் ஏறத்தாழ 9 மடங்கு அதிகம் என்பதால் அந்தச் செலவைத் தாங்க முடிந்தது.

படம் காட்டுவதில் ஒரு நல்வாய்ப்பும் இருந்தது. கேம் பாய் அட்வான்ஸும் எட்டுக்கு எட்டு ஓடுகளைக் கோத்துப் படம் அமைக்கும் வன்பொருளைக் கொண்டது. ஆகவே பழைய கருவியின் ஓடுகளைப் புதிய கருவியின் ஓடுகளாக மாற்றிக் கொடுத்துவிட்டால், கோக்கும் வேலையை வன்பொருளிடம் விட்டுவிடலாம். திரையின் அளவுதான் இடையூறு. ஃபாமிகாமின் படம் 256 புள்ளி அகலமும் 240 வரி உயரமும் கொண்டது. கேம் பாய் அட்வான்ஸின் திரை 240 புள்ளி அகலம், 160 வரி உயரம். உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு குறைவதால், பழைய படத்தை மாற்றாமல் அப்படியே காட்ட வழியில்லை.

இந்த எமுலேட்டர் அட்டையில் இல்லை என்பதே இ-ரீடர் வடிவமைப்பின் மையக் கருத்து. இ-ரீடருக்குள் 8 மெகாபைட் கொண்ட நிலையான நினைவகம் இருந்தது. அட்டையைப் படிக்கும் நிரல், பிழை திருத்தும் நிரல், சுருக்கத்தை விரிக்கும் நிரல், எமுலேட்டர் ஆகியவை அதில் முன்பே பதிந்திருந்தன. எல்லா விளையாட்டுகளுக்கும் பொதுவானவை கருவியில்; ஒரு விளையாட்டுக்கு மட்டுமே உரியவை அட்டையில். இப்படிப் பிரித்ததால்தான் அட்டை ஏந்த வேண்டிய சுமை 20 கிலோபைட் அளவுக்குள் நின்றது.

ஸ்கேன் செய்த தரவைச் சேமிக்க 128 கிலோபைட் ஃபிளாஷ் நினைவகமும் இருந்தது. அதில் ஒரு சமயத்தில் ஒரு விளையாட்டை வைத்துக்கொள்ளலாம். கருவியை அணைத்தாலும் அது அழியாது. இன்னொரு விளையாட்டைச் சேமிக்கும்போது பழையது நீங்கும். மீண்டும் விளையாட வேண்டுமானால் 10 பட்டைகளையும் மறுபடி இழுக்க வேண்டும்.

ஒரே அட்டையில் அடங்கிய சிறு விளையாட்டுகள்

எல்லா அட்டைகளும் ஃபாமிகாம் விளையாட்டுகள் அல்ல. வட அமெரிக்க இ-ரீடருடன் டாங்கி காங் ஜூனியர் அட்டைக்கட்டோடு மேன்ஹோல் என்னும் அட்டையும் இலவசமாக வந்தது. மேன்ஹோல், 1981இல் கேம் அண்ட் வாட்ச் என்னும் பாக்கெட் கருவியாக விற்பனையான விளையாட்டு. நின்டெண்டோ வடிவமைப்பாளர் கன்பெய் யோகோய் உருவாக்கிய அந்தக் கருவி வரிசையில் ஒரு கருவிக்கு ஒரு விளையாட்டு என்பதே வழக்கம். போக்கிமான் அட்டைகளிலும் சிறு விளையாட்டுகள் மறைந்திருந்தன.

ஓரிரு பட்டைகளுக்குள் ஒரு நிரலை அடக்க வேறொரு உத்தி பயன்பட்டது. ஏஆர்எம்7 செயலியின் ஒரு கட்டளைக்கு 4 பைட், அதன் சுருங்கிய வடிவத்தில் 2 பைட் இடம் வேண்டும். பழைய இசட்80 செயலியின் கட்டளைகள் பல ஒரே பைட்டில் முடிந்துவிடும். ஆகவே சிறு விளையாட்டுகளை இசட்80 மொழியில் எழுதி, அவற்றை இயக்கும் மென்பொருளை இ-ரீடரின் நினைவகத்தில் வைத்தார்கள். பின்னணிப் படங்கள், உருவங்கள், ஒலிகள் ஆகியவற்றின் பொதுத் தொகுப்பும் அதே நினைவகத்தில் இருந்தது. 'இந்த எண்ணுள்ள படத்தைக் காட்டு', 'அந்த எண்ணுள்ள இசையை ஒலி' என்று அட்டையில் இருக்கும் நிரல் கேட்டால் போதும். படத்தையோ இசையையோ அட்டை சுமக்க வேண்டியதில்லை.

பூட்டைத் திறக்கும் அட்டைகளும் புதிதாகச் சேர்க்கும் அட்டைகளும்

இதுவரை பார்த்தவை நிரலையே தாங்கிய அட்டைகள். வேறு இரண்டு வகைகளும் இருந்தன.

முதலாவது, ஏற்கெனவே வாங்கிய விளையாட்டுக்குள் பூட்டி வைத்திருக்கும் ஒன்றைத் திறக்கும் அட்டை. கேம்கியூப் கருவிக்கான அனிமல் கிராசிங் விளையாட்டின் வட்டிலேயே சில ஃபாமிகாம் விளையாட்டுகள் இருந்தன. வட அமெரிக்காவில் அவற்றுள் ஐஸ் கிளைம்பரையும் மரியோ பிரதர்ஸையும் திறக்க இ-ரீடர் அட்டை வேண்டும். இங்கே அட்டையில் இருப்பது விளையாட்டு அல்ல, அனுமதி மட்டுமே. போக்கிமான் ரூபி, சஃபையர் விளையாட்டுகளில் எட்டாத ஒரு தீவுக்குப் போக வழிசெய்த இயான் டிக்கெட் அட்டையும் இவ்வகையைச் சேர்ந்தது.

இரண்டாவது, விளையாட்டில் முன்பு இல்லாத தரவைச் சேர்க்கும் அட்டை. 2003இல் வெளியான சூப்பர் மரியோ அட்வான்ஸ் 4 இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. சூப்பர் மரியோ பிரதர்ஸ் 3-இன் புதிய வடிவமான அந்த விளையாட்டுக்குப் புத்தம் புதிய மட்டங்கள் அட்டைகளாக வந்தன. மேடு எங்கே, குழாய் எங்கே, எதிரி எங்கே என்னும் அமைப்பு மட்டும் அட்டையில். அவற்றின் படமும் இயக்கமும் கார்ட்ரிட்ஜில். அட்டை வழியாக ஏற்றிய 32 மட்டங்கள் வரை அந்தக் கார்ட்ரிட்ஜில் சேமிக்க முடிந்தது. விற்பனைக்குப் பிறகும் ஒரு விளையாட்டு வளரலாம் என்பதை இணையம் இல்லாத ஒரு கையடக்கக் கருவியில் செய்துகாட்டியது இது. இன்று தரவிறக்கமாக வாங்கும் கூடுதல் உள்ளடக்கத்துக்குக் காகித வடிவ முன்னோடி என்று இதைச் சொல்லலாம்.

பரவலாகாததன் காரணங்கள்

வட அமெரிக்காவில் இ-ரீடரின் விற்பனை 2004இன் தொடக்கத்தில் நின்றது. ஜப்பானில் அது நீண்ட காலம் தொடர்ந்தது. ஜப்பானின் முதல் வடிவத்தில் இன்னொரு கருவியுடன் இணைக்கும் கேபிளுக்கான துளை இல்லை. அதைச் சேர்த்து இ-ரீடர் பிளஸ் என்னும் வடிவம் 2003 ஜூனில் வந்தது.

பரவலாகாததற்கு முதன்மையான காரணம் கருவியின் அமைப்பிலேயே இருந்தது. இ-ரீடர் செருகப்படுவது கார்ட்ரிட்ஜ் வைக்கும் இடத்தில். ஆகவே இ-ரீடரும் விளையாட்டுக் கார்ட்ரிட்ஜும் ஒரே சமயத்தில் ஒரே கருவியில் இருக்க முடியாது. சூப்பர் மரியோ அட்வான்ஸ் 4-க்கு ஒரு புதிய மட்டத்தைச் சேர்க்க வேண்டுமென்றால், கார்ட்ரிட்ஜ் உள்ள ஒரு கேம் பாய் அட்வான்ஸ், இ-ரீடர் உள்ள இன்னொரு கேம் பாய் அட்வான்ஸ், இரண்டையும் இணைக்கும் கேபிள் ஆகிய மூன்றும் தேவை. ஒரு குழந்தையின் வீட்டில் இவை அனைத்தும் இருப்பது அரிது. பழைய விளையாட்டுகளுக்கு இரண்டாவது கருவி வேண்டாம் என்றாலும், ஒவ்வொரு முறையும் பல பட்டைகளை இழுக்கும் வேலை இருந்தது.

2004இல் நின்டெண்டோ அதே பழைய விளையாட்டுகள் சிலவற்றை ஃபாமிகாம் மினி என்ற பெயரில் ஜப்பானிலும், கிளாசிக் என்இஎஸ் வரிசையாக அமெரிக்காவிலும் தனித்தனிக் கார்ட்ரிட்ஜ்களாக வெளியிட்டது. விலை கூடுதல் என்றாலும் செருகியவுடன் விளையாட்டு ஓடியது; காகிதத்தின் கொள்ளளவுத் தடையும் நீங்கியதால் சூப்பர் மரியோ பிரதர்ஸும் செல்டாவும் அவ்வரிசையில் இடம்பெற்றன. 2006இல் வீ கருவியுடன் வந்த வர்ச்சுவல் கன்சோல் சேவை, பழைய விளையாட்டுகளை இணையத்தில் தரவிறக்கும் வழியைத் திறந்தது. கருவிக்குள் எமுலேட்டர், வெளியிலிருந்து சிறு தரவு என்னும் அடிப்படை ஏற்பாடு அங்கும் மாறவில்லை. தரவு வந்து சேரும் பாதை மட்டுமே காகிதத்திலிருந்து இணையத்துக்கு மாறியது.

அட்டைத் தரவின் பாதுகாப்பு

காந்த நாடாவில் காந்தப்பதிவு மங்கும். ஃபிளாஷ் நினைவகத்தில் மின்னூட்டம் கசியும். நல்ல காகிதத்தில் நல்ல மையால் அச்சிட்ட புள்ளிகள் மின்சாரம் ஏதுமின்றிப் பல பத்தாண்டுகள் நிலைக்கும். அந்த வகையில் இ-ரீடர் அட்டை உறுதியான சேமிப்பு ஊடகமே. ஆனால் அட்டையை மட்டும் காப்பாற்றினால் விளையாட்டைக் காப்பாற்றியதாகாது. புள்ளிகளை வாசிக்கும் முறை, பிழை திருத்தும் விதி, சுருக்கத்தை விரிக்கும் வழி, எமுலேட்டர் ஆகியவை அனைத்தும் அட்டைக்கு வெளியே, உற்பத்தி நின்றுபோன ஒரு கருவிக்குள் இருக்கின்றன. அவை இல்லாமல் போனால் அட்டை வெறும் சாம்பல் நிறக் கோடு.

இந்த இடைவெளியை நிரப்பியவர்களில் முக்கியமானவர்கள் தன்னார்வ நிரலாளர்கள். புள்ளிக்குறியின் கட்டமைப்பை அவர்கள் நுணுகி ஆராய்ந்து, அதன் விதிகளை எல்லோரும் படிக்கும் வகையில் ஆவணப்படுத்தினார்கள். அட்டைகளை ஸ்கேன் செய்து கோப்புகளாக மாற்றவும், தாமே எழுதிய நிரல்களைப் புள்ளிக்குறியாக அச்சிடவும் மென்பொருள்களை உருவாக்கினார்கள். எம்ஜிபிஏ போன்ற எமுலேட்டர்கள் இன்று அட்டைக் கோப்புகளையும் நேரடியாகப் படிக்கின்றன.

நின்டெண்டோவும் ஒரு பகுதியை மீட்டது. சூப்பர் மரியோ அட்வான்ஸ் 4-இன் மட்ட அட்டைகள் எல்லா நாடுகளிலும் ஒரே அளவில் வெளியாகவில்லை. ஜப்பானில் வந்த பல மட்டங்கள் அமெரிக்காவுக்கு வரவே இல்லை. வீ யு கருவிக்காக அந்த விளையாட்டு மறுவெளியீடு கண்டபோது 38 அட்டை மட்டங்களும் அதனுள்ளேயே சேர்க்கப்பட்டன. 2023இல் நின்டெண்டோ ஸ்விட்ச் இணையச் சேவைக்கு வந்த வடிவத்திலும் அவை உண்டு. அட்டையோ, இ-ரீடரோ, இரண்டாவது கருவியோ இல்லாமல் அவற்றை இன்று விளையாடலாம். எண்களாகப் பதிந்த ஒரு படைப்பைப் பாதுகாக்க, அந்த எண்களையும் அவற்றை வாசிக்கும் முறையையும் சேர்த்தே பாதுகாக்க வேண்டும்.